உங்களுக்குத் தெரியுமா? புண்ணை மூடும் நூல்

● புண் காற்றாடக் காய்ந்தால்தான் ஆறும் என்று வீட்டில் சொல்வார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் சோதித்தபோது, பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. ஆனால் ஈரம் கிருமிக்கும் பிடிக்குமே! ஈரமும் இருக்க வேண்டும், கிருமியும் அண்டக்கூடாது. நானோ இழைக் கட்டுகள் பிறந்தது இந்தத் தேவையில்தான்.

● தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இந்த இழைகளோ சில நூறுதான். சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் குறுக்களவு ஏறத்தாழ 1,000. இழைகளுக்கு நடுவே உள்ள சந்து அதைவிடச் சிறிதானால் கிருமி நுழையாது, காற்று நுழையும்.

● இந்த இழையை நூற்கத் தறியும் வேண்டாம், ராட்டையும் வேண்டாம். சிரிஞ்சில் பாலிமர் கரைசல், ஊசிமுனையில் ஒரு துளி. பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஏறியதும் உருண்டைத் துளி கூம்பாக நீளும். 1964-இல் இதைக் கணக்கிட்டு விளக்கிய ஜெஃப்ரி டெய்லரின் பெயரே இந்தக் கூம்புக்கு. அதன் நுனியிலிருந்து பீறிடும் தாரை சாட்டைபோலச் சுழன்று சுழன்று மெலியும். கரைப்பான் வழியிலேயே ஆவியாகிவிட, எதிர்த்தகட்டில் பாலாடை போல வெள்ளை ஏடு படியும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி! அன்டன் ஃபார்ம்ஹால்ஸ் 1934-லேயே இந்த முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

● இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் நேர்மின்னேற்றம் கொண்டது. கிருமியின் மேலுறை எதிர்மின்னேற்றம் கொண்டது. கைட்டோசான் அதில் ஒட்டிக்கொண்டு உறையைச் சிதைத்துவிடும். தனியாக நூற்பது கடினம் என்பதால் வேறு பாலிமரோடு கலக்கிறார்கள்.

● வெள்ளித் துகள் கிருமியைக் கொல்லும். அளவு மிஞ்சினால் நம் தோல் செல்களையும் கொல்லும். அதனால்தான் ஊசிக்குள் ஊசி வைத்து, மருந்து உள்ளேயும் உறை வெளியேயுமாக நூற்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறார்கள்.

● நம் தோலுக்குள் உள்ள கொலாஜன் இழைகளும் கிட்டத்தட்ட இதே தடிமன்தான். புதிய செல்கள் இந்த ஏட்டைச் சொந்த வீடாக நினைத்துப் பற்றிப் படரும்.

● காய்ந்த காஸ் துணியைப் பிரிக்கும்போது புதுச்சதை பிய்ந்து ரத்தம் கசியும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும் அந்த வலி. ஜெலட்டின் போல உடலில் கரையும் பொருளால் நூற்ற ஏட்டை, புண் ஆற ஆறத் தானும் கரையும்படி அமைக்கலாம். இவற்றில் பல இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. தாண்டி வந்தால், கட்டுப் பிரிக்கும் நாளை நினைத்து யாரும் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை.