மாடியில் ஒரு சமையலறை: அலுவலகத் தேன்பெட்டி எப்படி இயங்குகிறது?

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் நாளில் எங்கள் வீட்டு அடுப்படியில் யாரும் பேச மாட்டார்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கொதிக்கும் பாகில் ஒரு சொட்டை அதில் விட்டு, அம்மா விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் இறக்கலாம். கரைந்தால் இன்னும் காய வேண்டும். ஜெர்மனியில் தேனீ வளர்ப்பவர் தேன் எடுக்கும் முன் செய்வதும் இந்தப் பதம் பார்க்கும் வேலைதான். பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தை உருவிப் படுக்கை வாட்டில் பிடித்து ஓர் உதறு உதறுவார். அறைகளிலிருந்து துளி தெறித்தால் தேன் இன்னும் பதத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். சட்டம் திரும்ப உள்ளே போய்விடும்.

முன்பெல்லாம் தோட்டத்து மூலையில் நடந்த இந்த வேலை இப்போது கட்டட மாடிகளில் நடக்கிறது. பாரிஸ் ஓபரா மாளிகையின் கூரைக்கு 1980-களிலேயே தேன்பெட்டி ஏறிவிட்டது. பிறகு ஓட்டல், வங்கி, கார் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. ஜெர்மனியில் இதற்குத் தனியாக ஒரு கவலையும் காரணம். அங்கே பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் 1989 முதல் பொறி வைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. கிரெஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர்கள் பொறுமையாகச் சேர்த்த கணக்கு அது. 2019 பிப்ரவரியில் பவேரியா மாநிலத்தில் ‘தேனீக்களைக் காப்போம்’ என்ற மக்கள் மனுவுக்கு இரண்டே வாரத்தில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகராட்சி அலுவலகங்களுக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

அதே நாடு பலகை விளையாட்டுகளுக்கும் தாய்வீடு. ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு 1979 முதல் அங்கே விருது கொடுக்கிறார்கள். கிளவுஸ் டாய்பர் உருவாக்கிய கேட்டன் விளையாட்டை 1995-ல் வெளியிட்ட ஸ்டுட்கார்ட்டின் கோஸ்மோஸ் பதிப்பகம், பூக்களை அடையாளம் காண உதவும் கையேடுகளையும் தேனீ வளர்ப்புப் புத்தகங்களையும் விற்கும் பதிப்பகம்தான். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு விளையாட்டு நிறுவனம் தன் மாடியில் நான்கு தேன்பெட்டி வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பவருக்கு ஆண்டுக் கட்டணம் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் நிறுவனத்தின் பெயர் ஒட்டிய சின்னச் சின்னப் பாட்டிலில் தேன் வரும். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெட்டி எப்படி இயங்குகிறது என்று பார்த்த பிறகுதான் அதனால் யாருக்கு என்ன நன்மை என்று சொல்ல முடியும்.

பெட்டியின் கீழ்த்தட்டு புழு அறை. ராணி முட்டையிடுவதும் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான். மேல்தட்டு தேன் அறை. நம் பழைய வீட்டுப் பரண் மாதிரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வலைத்தட்டு இருக்கிறது. அதன் இடுக்கில் பணித் தேனீ நுழையும். உடல் பெருத்த ராணி நுழைய முடியாது. அதனால் பரணில் சரக்கு மட்டும்தான் சேரும்.

சமையலறை ஆட்கள் எல்லாருமே பெண்கள். முட்டையிட்ட 21-ம் நாள் பணித் தேனீ வெளியே வருகிறது. வந்ததும் தான் பிறந்த அறையைத் துடைத்துச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. பிறகு புழுக்களுக்கு ஊட்டும், மெழுகு சுரந்து அடை கட்டும், வரும் சரக்கை வாங்கி வைக்கும், வாசலில் காவல் நிற்கும். கல்யாணச் சமையலில் புதுப் பையனை முதலில் பாத்திரம் துலக்க விட்டு, பிறகு காய் நறுக்க விட்டு, கை தேறிய பிறகே சந்தைக்கு அனுப்புவது போலத்தான். கோடைத் தேனீக்கு ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரம். பூத் தேடிப் போவது அதன் கடைசி வாரங்களில்.

எந்தக் கடையில் சரக்கு நன்றாக இருக்கிறது என்பதை ஆடிக் காட்டியே சொல்லிவிடுவார்கள். இருட்டில், அடையின் மேல், உடலை ஆட்டிக்கொண்டு நேர்க்கோட்டில் நடக்கும் நடனம் அது. கோடு சாய்ந்திருக்கும் கோணம் சூரியனை வைத்துத் திசை சொல்லும். ஆட்டம் நீளும் நேரம் தூரத்தைச் சொல்லும். இதைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சந்தையிலிருந்து வருவது தேன் இல்லை, மதுரம். பூவுக்குள் ஊறும் நீர்த்த இனிப்புச் சாறு. பெரும்பாலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வயிற்றுக்கு முன்னால் இருக்கும் தனிப் பையில் அதை நிரப்பிக்கொண்டு வரும் தேனீ, உள்ளே இருப்பவளின் வாய்க்கு மாற்றுகிறது. அவள் இன்னொருத்திக்கு மாற்றுகிறாள். கைமாறும் ஒவ்வொரு முறையும் அவர்கள் வாயில் சுரக்கும் நொதி அதில் கலக்கிறது. பாலில் உறைமோர் விட்டது போல அது உள்ளே வேலை செய்து, கரும்புச் சர்க்கரையை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிக்கிறது. பிறகு சாற்றை நாக்கில் மெல்லிசாக விரித்து விரித்து மடிக்கிறார்கள். அறைச் சுவரில் பூசிக் காயவிடுகிறார்கள். மாடியில் வேட்டி விரித்து வடகம் பிழியும்போது, பரப்பு அதிகமானால் சீக்கிரம் காயும் என்று நமக்குத் தெரியுமே, அதே கணக்கு. அடுப்பு கிடையாது. புழு அறையின் 35 டிகிரி சூடும், வரிசையாக நின்று சிறகால் விசிறும் காற்றும் போதும்.

ஈரம் 20 சதவீதத்துக்குள் வந்தால்தான் ஜெர்மன் சட்டப்படி அதைத் தேன் என்று விற்கலாம். அங்குள்ள தேனீ வளர்ப்போர் சங்கம் தன் முத்திரைக்கு 18 சதவீதம் என்று இன்னும் இறுக்கியிருக்கிறது. ஈரம் அதிகமானால் புளித்துவிடும். பதம் வந்ததும் தேனீக்கள் மெழுகால் மூடி வைத்துவிடும், ஊறுகாய் ஜாடி வாயில் துணி கட்டுவது போல. அடை முழுக்க வெள்ளை மூடி பரவிய சட்டத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு, அலுவலகத்தார் ஏன் இதில் மயங்குகிறார்கள் என்பது புரியும். எனக்கும் புரிகிறது.

இவ்வளவு நேரம் பார்த்தது எல்லாமே சமையலறைதான். சமையலறையில் எதுவும் விளைவதில்லை. காய்கறி வெளியிலிருந்து வர வேண்டும்.

ஊரில் காய்கறி தட்டுப்பாடாக இருக்கும்போது நான்கு புதிய மெஸ் திறந்தால் பஞ்சம் தீருமா? கோடையில் ஒரு பெட்டியில் ஏறத்தாழ 40,000 பேர் இருப்பார்கள், சந்தைக்குப் பல கிலோமீட்டர் பறந்து போவார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாடு மாதத்துக்கு எவ்வளவு புல் தின்னும் என்று கணக்குப் போடுவது போல, தேன்பெட்டிக்கும் கணக்குப் போட்டார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேம்ஸ் கேனும் வின்சென்ட் டெபடினோவும். வலுவான ஒரு பெட்டி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சேர்க்கும் மகரந்தத்தில், தனித்து வாழும் காட்டுத் தேனீயின் குஞ்சுகள் ஒரு லட்சத்தை வளர்த்திருக்கலாம் என்றார்கள், 2017-ல். சுவிட்சர்லாந்தின் 14 நகரங்களில் 2012-ல் 3,139 ஆக இருந்த தேன்பெட்டிகள் 2018-ல் 9,370 ஆகிவிட்டன. பூங்காக்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை.

ஜெர்மனியில் 550-க்கும் மேற்பட்ட காட்டுத் தேனீ இனங்கள் இருக்கின்றன. பலவற்றுக்குக் கூட்டுக் குடும்பமும் இல்லை, பரணும் இல்லை. தாய் ஒருத்தியே மண்ணில் வளை தோண்டி, மகரந்தத்தையும் மதுரத்தையும் பிசைந்து ஓர் உருண்டை பிடித்து வைத்து, அதன் மேல் ஒரு முட்டையிட்டு, வாயை அடைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளைக்கு அவள் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது ஒன்றுதான். பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. சந்தைக்கு அவள் போவது சில நூறு மீட்டர் தூரம். ஏறத்தாழ மூன்றில் ஓர் இனம் ஒரே குடும்பத்துப் பூவின் மகரந்தத்தைத்தான் எடுக்கும். மணிப்பூவை மட்டும் நம்பியிருப்பவளிடம் பக்கத்துத் தெருவில் க்ளோவர் பூத்திருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. அழியும் நிலையில் இருப்பவர்கள் இவர்கள்தான். மாடியில் இருப்பவர்கள் வளர்ப்புப் பிராணிகள், பண்ணைக் கோழி போல. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

சுத்தம் இல்லாத சமையலறையால் அக்கம்பக்கத்துக்கும் கேடு. 1970-களில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த வரோவா உண்ணி, கவனிக்காத பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவும். இந்த உண்ணிக்கு ஆதி வீடு ஆசியத் தேனீ. மார்த்தாண்டத்துப் பெட்டிகளில் வளர்வதும் அந்த இனம்தான். அவை உண்ணியை ஒன்றுக்கொன்று தட்டிவிட்டுச் சமாளித்துக்கொள்கின்றன. ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதவில்லை. கோடையில் ஃபார்மிக் அமிலம், குளிர்காலத்தில் ஆக்சாலிக் அமிலம் என்று மனிதர்தான் பார்க்க வேண்டும். எடுத்த தேனுக்கு ஈடாகக் குளிர்காலத்துக்குப் பெட்டிக்கு 15 கிலோவோ அதற்கு மேலோ சர்க்கரை ஊற்ற வேண்டும். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் இந்தச் சர்க்கரை மூட்டையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

சரி, விளையாட்டு நிறுவனத்தின் சொந்த அடுப்படி எங்கே இருக்கிறது? மேசையில் இருக்கும் அந்தப் பெட்டியில்தான். ஒரு புது விளையாட்டைப் பிரித்துப் பாருங்கள். முதலில் நகத்தால் கீறிக் கிழிக்கும் பிளாஸ்டிக் உறை. மூடியின் மேல் வழவழப்புக்காகக் காகிதத்தோடு ஒட்டிய மெல்லிய படலம். அது ஒட்டியிருப்பதால் அந்தக் காகிதத்தை மறுசுழற்சி செய்வது சிரமம். உள்ளே காய்களை அமர்த்த ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதற்கடியில் வெறும் காற்று. வில்லைகளைப் பெயர்த்தெடுத்த பின் மிஞ்சும் ஓட்டை ஓட்டையான அட்டை. கடை அலமாரியில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பெருக்கிய பெட்டிதான் கப்பலில் காற்றுக்கும் இடம் பிடித்துக்கொண்டு வருகிறது. பெட்டியை இரண்டு விரல் குறைத்தால் ஒரு கன்டெய்னரில் கூடுதலாக எத்தனை ஏறும் என்று தயாரிப்புப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2019-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் புதிய பொருள்களின் பொதியிலிருந்து ஏறத்தாழ எல்லாப் பிளாஸ்டிக்கையும் 2022 முடிவுக்குள் எடுத்துவிடப் போவதாக அறிவித்தபோது, மோனோபொலி பெட்டியைச் சுற்றும் இந்த உறையும் பட்டியலில் இருந்தது. பொறுப்பு என்று நான் சொல்வது இந்த மாதிரி வேலையை. இங்கே குறைக்கும் ஒவ்வொரு கிராமும் லட்சம் பெட்டிகளால் பெருகும். மாடித் தேன் எத்தனை பாட்டில் வந்தாலும் இதற்கு ஈடாகாது.

மாடிப் பெட்டிகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அங்கே போய் நிற்கும் கணக்குப் பிரிவுக்காரர், இந்த வாரம் லிண்டன் மரம் பூத்திருக்கிறது என்று கவனிக்கத் தொடங்குகிறாரே, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நான்கு வேண்டாம், ஒன்று போதும். அதுவும் சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே எத்தனை பெட்டி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் பதிவு செய்வது சட்டப்படியே கட்டாயம் என்பதால், கேட்க ஆள் இருக்கிறது. மிச்சப் பணத்தில் வாசல் புல்தரையை வாராவாரம் வெட்டுவதை நிறுத்தி, அந்த மண்ணுக்குரிய காட்டுப்பூ விதைகளைத் தூவி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் அறுக்கலாம். அதையும் ஒரேயடியாக அறுக்காமல், பாதியை விட்டு வைத்து அறுக்க வேண்டும்.

கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், புல் முளைக்காத மணல் திட்டு ஒன்று எந்த வளாகத்திலும் இருக்கும். மார்ச், ஏப்ரலில் வில்லோ மரம் பூக்கும்போது அங்கே குனிந்து பார்க்கலாம். சலித்துக் கொட்டியது போலச் சின்னச் சின்ன மண் குவியல்கள். நடுவில் பென்சில் நுழையும் அளவு துளை. சாம்பல் நிற ரோமத்தோடு ஒருத்தி மஞ்சள் மகரந்தம் அப்பிய கால்களுடன் உள்ளே இறங்குவாள். ஆண்ட்ரீனா வாகா என்று பெயர். வில்லோ மகரந்தம் தவிர வேறு எதையும் பிள்ளைக்கு வைக்க மாட்டாள். அந்த மரத்தை வெட்டாமல், அந்தத் திட்டில் கல் பாவாமல் விட்டுவைத்தால் அடுத்த மார்ச்சிலும் அங்கே குவியல்கள் எழும்பும்.