குனிந்தால் வலியா? நடந்தால் வலியா?

"இடுப்புப் பிடித்துக் கொண்டது" என்று யாராவது சொல்லாத வீடு இல்லை. குடத்தைத் தூக்கினால் பிடிக்கிறது. மூட்டையை இறக்கினால் பிடிக்கிறது. சிலருக்கு வலி இடுப்போடு நிற்பதில்லை. தொடை வழியாக இறங்கிக் கால் விரல் வரை "விண் விண்" என்று தெறிக்கிறது.

காலுக்குத் தைலம் தேய்க்கிறார்கள். ஆனால் கோளாறு காலில் இல்லை. முதுகெலும்பில் இருக்கிறது!

எலும்புக்கு நடுவே மெத்தை

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள் அவை. இடுப்புப் பகுதியில் மட்டும் 5 எலும்புகள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல ஒரு ஜவ்வு உண்டு. இதற்கு 'டிஸ்க்' என்று பெயர். அதன் வெளிப்புறம் உறுதியான நார். உள்ளே கூழ் போன்ற பொருள். இவற்றின் பின்னால் ஒரு பாதை. அதன் வழியேதான் காலுக்குப் போகும் நரம்புகள் இறங்குகின்றன.

ஜவ்வு பிதுங்கினால்...

கொழுக்கட்டையை அழுத்தினால் பூரணம் வெளியே வருகிறதல்லவா? அதுபோல, நார் கிழிந்தால் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும். "ஜவ்வு விலகிவிட்டது" என்கிறோம். உண்மையில் அது விலகுவதில்லை. பிதுங்குகிறது. குனிந்தால், உட்கார்ந்தால், இருமினால் வலி கூடும். நடு வயதினருக்கே இது அதிகம். கால் வலிக்கு இதுவே காரணமாகலாம் என்று 1934-ல் எடுத்துக் காட்டியவர்கள் அமெரிக்க டாக்டர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும்.

பாதை குறுகினால்...

இது பெரும்பாலும் முதியவர்களின் தொல்லை. வயதானால் எலும்பும் நாரும் தடித்து, நரம்புப் பாதை குறுகிவிடும். 1954-ல் ஹாலந்து டாக்டர் வெர்பீஸ்ட் இதை விளக்கி எழுதினார்.

தாத்தா கொஞ்ச தூரம் நடக்கிறார். கால் கனக்கிறது; மரத்துப் போகிறது. உட்கார்ந்தால் சரியாகிறது. ஆனால் சைக்கிள் மட்டும் மிதிக்கிறார்! "நடிக்கிறாரோ?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

நடிப்பு அல்ல. நிமிர்ந்து நடந்தால் பாதை இன்னும் குறுகும். முன்னால் குனிந்தால் சற்று விரியும். சைக்கிளில் குனிந்துதானே உட்காருகிறோம்! ஆனால் இரத்தக் குழாய் அடைப்பிலும் நடந்தால் கால் வலிக்கும். ஆகவே டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் வேண்டுமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். ஜவ்வு பிதுக்கம் பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். பிதுங்கியது தானே சுருங்குவதும் உண்டு. மாதக் கணக்கில் படுத்திருக்கக் கூடாது. வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல நடமாட வேண்டும்.

குறுகிய பாதை தானே விரியாது. ஆனால் உடற்பயிற்சியாலும் மருந்தாலும் பலர் சமாளிக்கிறார்கள். அவற்றால் பயனின்றி நடமாட்டமே முடங்கினால்தான் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள்.

ஸ்கேன் படத்தில் "பிதுக்கம்" என்று கண்டதும் நடுங்க வேண்டாம். வலியே இல்லாத பலருடைய படத்திலும் அது தெரியும்.

இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள்!

சிறுநீர் வராமல் அடைத்துக் கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால்கள் திடீரென்று பலம் இழந்தாலோ, ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நரம்பு நசுங்கியே கிடந்தால், பிறகு ஆபரேஷன் செய்தாலும் முழுப் பலம் திரும்பாமல் போகலாம்.