ஹன்டரின் பச்சை: ஒரு வீட்டுத் தகராறு

"பச்சை இவ்ளோ கறுப்பா இருக்காதுடா."

போன வருடம் நான் செய்து முடித்த ஹாக்கர் ஹன்டர் மாடலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்பா சொன்ன முதல் வரி இதுதான். இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து செய்தது. எனக்குச் சுருக்கென்றது. சொன்னவர் சும்மா ஆளும் இல்லை. 1966ல் பதினேழு வயதில் ஏர்ஃபோர்ஸில் சேர்ந்து, ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக நாலைந்து வருடம் ஹன்டர் ஸ்குவாட்ரன் ஒன்றில் வேலை பார்த்தவர். அந்த விமானத்தின் இறக்கைமேல் ஏறி நின்றிருக்கிறார். நான் மென்பொருள் எழுதுகிறவன். ஹன்டரை மியூசியத்தில் கயிறுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

ஆனால் என்னிடம் ஆவணம் இருந்தது! ஹன்டரின் மேல்பக்கம் டார்க் க்ரீன், டார்க் சீ க்ரே என்ற இரண்டு நிறங்கள். பிரிட்டிஷ் தர நிர்ணயம் பி.எஸ். 381சி பட்டியலில் 641, 638 என்று எண்ணே உண்டு. ஹம்ப்ரால் பெயின்டில் அவை 163, 164. இந்தியா 1957ல் 160 ஹன்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது அவை பிரிட்டிஷ் விமானப்படையின் அதே பாணி நிறத்தில்தான் வந்தன. அடிப்பக்கம் வெள்ளி. நான் எண் பார்த்து வாங்கி அடித்தேன். எங்கே தப்பு?

இதை விசாரிக்கப் போய்த்தான் இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படையே எனக்குப் புரிந்தது. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: கிட் என்பது ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த துண்டுகள், ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். வெட்டி எடுத்து, எமரி பேப்பரால் தேய்த்து, பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்துச் சேர்க்கும் ஒரு திரவப் பசையால் ஒட்ட வேண்டும். இடுக்கு தெரிந்தால் கார் பட்டறையில் செய்வதுபோல பட்டி பார்க்க வேண்டும். அப்புறம் ப்ரைமர், பெயின்ட், தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டெகால், கடைசியில் வார்னிஷ். என்னுடையது ரெவெல் கிட், 1/72 அளவு. அதாவது நிஜத்தின் ஒரு அடி இங்கே ஒரு அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆறடி மனிதர் ஓர் அங்குலம். 1930களில் பிரிட்டனில் வந்த மர மாடல்களும், 1936ல் வந்த ஃப்ராக் பென்குயின் பிளாஸ்டிக் கிட்களும் இந்த அளவைப் பிடித்துக்கொண்டன. இன்றுவரை அது விடவில்லை.

நிஜ ஹன்டரின் நீளம் 13.98 மீட்டர். 72ஆல் வகுத்தால் 19.4 சென்டிமீட்டர். இறக்கை 10.26 மீட்டர், மாடலில் 14 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதுவரை சுலபம். எடைக்கு வரும்போதுதான் வேடிக்கை. நீளம் 72 மடங்கு குறைந்தால் கன அளவு 72 பெருக்கல் 72 பெருக்கல் 72, அதாவது 3,73,248 மடங்கு குறையும். காலி ஹன்டர் சுமார் 6,400 கிலோ. வகுத்துப் பாருங்கள், 17 கிராம்! நாலு ஸ்பூன் சர்க்கரை. அதிலும் நிஜ விமானத்தின் மூக்குக்குப் பின்னால் நாலு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் கொண்ட கனமான பெட்டி உண்டு. மாடலில் அந்த இடம் வெறும் காற்று. அதனால் முன்சக்கரம் தரையில் நிற்காது, வால் கீழே போய் உட்கார்ந்துவிடும். மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டு வைத்து ஒட்டினேன். ஒட்டி மூடின பிறகுதான் போதவில்லை என்று தெரிந்தது, திரும்பப் பிளந்தேன். (முதலிலேயே செல்லோடேப் போட்டுச் சேர்த்து நிறுத்திப் பார்த்திருக்கலாம். புத்தி அப்புறம்தான் வரும்.)

அடுத்து கோடுகள். விமானத்தின் தோல் அலுமினியத் தகடுகள் சேர்ந்தது, தகடுக்கும் தகடுக்கும் நடுவில் மெல்லிய இணைப்பு இருக்கும். கிட்டில் இதைச் செதுக்கிக் காட்டியிருப்பார்கள். கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலும், 72ஆல் பெருக்கினால் 14 மில்லிமீட்டர். விரலை விட்டுவிடலாம்! அப்படி ஒரு இடுக்கோடு எந்த விமானத்தையும் அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்க மாட்டார். பலபேர் அந்தக் கோட்டில் கறுப்பு மை வேறு ஓடவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது விமானம் இல்லை, விமானத்தின் வரைபடம் என்று எனக்குப் படும்.

பெயின்டும் அப்படித்தான். பிரஷ்ஷால் கெட்டியாக அடித்த ஒரு பூச்சு 50 மைக்ரான் என்றால் நிஜத்தில் அது 3.6 மில்லிமீட்டர் தடிமன். அதனால்தான் தின்னர் விட்டு நீர்க்க நீர்க்க மூன்று நாலு தடவை அடிப்பது. பச்சையும் சாம்பலும் சேரும் ஓரத்தில் ஏர்பிரஷ் 3 மில்லிமீட்டருக்குப் புகைபோலப் பரவினால், நிஜக் கணக்கில் அது 21 சென்டிமீட்டர் மங்கல். எனவே ப்ளூடாக்கைக் கயிறுபோல உருட்டி ஓரத்தில் வைத்து மறைத்து அடித்தேன். சென்னையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஐப்பசி மழை நாளில் லாக்கர் வார்னிஷ் அடித்தால், காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு மேலே பால் படிந்ததுபோல வெளுத்துவிடும். ஒரு இறக்கையை இப்படிக் கெடுத்துத் திருத்தினேன்.

இத்தனை கணக்கையும் ஒழுங்காகப் பார்த்தவன் நிறத்தை மட்டும் கணக்கே பார்க்காமல் எண் பார்த்து அடித்தேன். நீளத்தை வகுக்கலாம், எடையை வகுக்கலாம், நிறத்தை எதால் வகுப்பது?

இதற்கு மாடல்காரர்கள் மத்தியில் ஒரு பழைய பதில் உண்டு. மாடலைப் பார்க்கும்போது நாம் நிஜத்தில் தூரத்தில் நிற்கும் விமானத்தைத்தான் பார்க்கிறோம் என்பது அது. போர்க்காலத்தில் இதையே வேலைக்குப் பயன்படுத்தினார்கள். 1942ல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மர விமான மாடல்கள் செய்யச் சொல்லிக் கேட்டது. எல்லாம் 1/72, எல்லாம் கறுப்பு. வானத்தில் வருவது யாருடைய விமானம் என்று உருவத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பயிற்சி. 35 அடி தள்ளி மாடலைத் தூக்கிக் காட்டினால் 35 பெருக்கல் 72, 2,520 அடி. கிட்டத்தட்ட அரை மைல் தூரத்து விமானம்.

தூரத்துப் பொருள் வெளிறித் தெரியும். மலையைப் பார்த்தாலே தெரியுமே, கிட்டே பச்சை, தள்ளிப் போகப் போக நீலம், அப்புறம் சாம்பல். ஆகவே மாடலின் நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்பது வாதம். 1/72க்கு 15 சதவீதம், 1/48க்கு 10 சதவீதம் என்று பரவலாகச் சொல்வார்கள். அப்பா சொன்னதற்கு விடை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் கணக்குப் போட்டால் இடித்தது. மாடலை நான் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நிஜத்தில் அது 21.6 மீட்டர். இருபது மீட்டர் தள்ளி நிற்கும் பஸ் வெளிறியா தெரிகிறது? 10 கிலோமீட்டர் வரை கண்ணுக்குத் தெரிகிற ஒரு சாதாரண நாளில், 21.6 மீட்டர் காற்று சேர்க்கும் வெண்மை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அது 15 சதவீதமாக ஆக வேண்டுமானால் நானூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போக வேண்டும். மாடலுக்கு அது ஆறு மீட்டர். எங்கள் ஹாலே அவ்வளவு நீளம் இல்லை. (பெயின்டில் கலக்கும் 15 சதவீதமும் காற்று சேர்க்கும் 15 சதவீதமும் ஒன்றில்லை என்பது தனிப் பஞ்சாயத்து.)

அப்போது அப்பாவின் நினைவுதான் தப்பா? அப்படியும் யோசித்தேன், மறைக்கவில்லை. எழுபத்தைந்து தாண்டியவர், இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனவர். புரை விழுந்த கண் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டும், ஆபரேஷனுக்குப் பிறகு நீலம் பளிச்சென்று திரும்பி வரும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பச்சையை அந்தக் கண் எப்படி நிச்சயமாகச் சொல்லும்? பி.எஸ். 381சி பட்டியலை மொபைலில் காட்டி இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் திருப்பி வாதாடவில்லை. "சரிப்பா, நீ படிச்சிருக்க" என்று சொல்லிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார். நான் ஜெயித்ததாகத்தான் அர்த்தம். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, மாடலைக் காணோம். அலமாரியில் இல்லை. மொட்டை மாடியில் அம்மா வடாம் காயப்போட்டிருந்த இடத்தில் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பத்து மணி வெயில். மூக்கைச் சூரியனுக்குத் திருப்பி, சாய்த்து, திரும்ப நிமிர்த்தி.

"இங்க வந்து பாரு. இப்ப சரியா இருக்கு."

பார்த்தேன். வீட்டுக்குள் கறுப்பாக அடைந்து கிடந்த பச்சை, இங்கே இலைப்பச்சையாகத் தெளிந்து, சாம்பலிலிருந்து தனியாகப் பிரிந்து நின்றது. பெயின்ட் அதே பெயின்ட்.

இதற்குக் காற்றோ தூரமோ காரணமில்லை, வெளிச்சம். எங்கள் ஹால் ட்யூப்லைட்டில் மேஜைமேல் என் மொபைல் காட்டிய அளவு 180 லக்ஸ். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும்தான், ஆனால் முழுசாக இல்லை. வெளிச்சம் கூடக்கூட அதே நிறம் அதிக நிறமாகத் தெரியும். 1952ல் இதை ஆராய்ந்து எழுதிய ஆர்.டபிள்யு.ஜி. ஹன்ட் பெயரால் இதற்கு ஹன்ட் விளைவு என்று பெயர். (ஹன்டருக்கு ஹன்ட்! நான் வேண்டுமென்று வைத்ததில்லை.) குறைந்த வெளிச்சத்தில் முதலில் அடிபடுவது அடர்ந்த நிறங்கள். டார்க் க்ரீனும் டார்க் சீ க்ரேயும் ஒன்றாகச் சேர்ந்து இருட்டாகிவிடும்.

அப்பா ஹன்டரைப் பார்த்ததெல்லாம் திறந்தவெளியில், டிஸ்பர்சலில், வட இந்திய வெயிலில். நான் நிறப்பட்டியலைப் பார்த்ததெல்லாம் ட்யூப்லைட்டில். அவர் நினைவிலும் தப்பில்லை, என் பட்டியலிலும் தப்பில்லை. அந்த 15 சதவீத வெள்ளை பலபேருக்கு வேலை செய்வதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். காரணத்தைத் தூரம் என்று சொன்னாலும், அது ஈடுகட்டுவது அறை இருட்டை. இது என் கணிப்புதான், மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

சோதிக்காமல் விட மனசில்லை. இன்னொரு ஹன்டர் கிட் வாங்கி, இரண்டு நிறத்திலும் ஏழில் ஒரு பங்கு வெள்ளை கலந்து அடித்தேன். ட்யூப்லைட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது என்ன என்று சொல்லாமல் அப்பாவிடம் காட்டினேன். யோசிக்கவே இல்லை, புதியதைத் தொட்டார். மாடிக்கு எடுத்துப் போனோம். அங்கே புதியது சோகை பிடித்ததுபோல இருந்தது, பழையதைத் தொட்டார். இப்போது கிட் செய்ய ஆரம்பிக்கும் முன் நான் முதலில் கேட்டுக்கொள்வது, முடித்தபின் அதை எங்கே வைக்கப் போகிறோம் என்பதுதான். அலமாரிக்குள் என்றால் வெள்ளை கலக்கிறேன்.

புதியது ஹாலில் இருக்கிறது. பழையதைத் தன் அறை ஜன்னலில், கிழக்கு வெயில் விழுகிற இடத்தில் வைக்கச் சொன்னார். வெயில் பட்டால் பெயின்ட் வெளுத்துப்போகுமே அப்பா என்றேன்.

"நிஜத்துலயும் வெளுக்கத்தான்டா செஞ்சுது" என்றார். அதோடு, இடது பக்கம் எண்ணெய் வழிந்து ஒரு கறை எப்போதும் இருக்கும், அதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டார். சரியாக எந்த இடம் என்று பென்சிலால் குறித்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.