மீனுக்கும் ஒரு ஜில் வீடு!

குட்டிகளே! அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் நமக்கு எத்தனை வழி இருக்கிறது! மோர் குடிக்கலாம், நுங்கு சாப்பிடலாம், இரண்டு வேளை குளிக்கலாம். நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் மீன் என்ன செய்யும்? அதற்கு வியர்க்காது. "புழுங்குகிறது" என்று சொல்லவும் தெரியாது. ஊருணியில் வாழும் மீன், வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். தொட்டி மீனுக்கு இருப்பதோ ஒரு முழ ஆழம்தான்!

தண்ணீரைக் குளிர்விக்க 'சில்லர்' என்ற இயந்திரம் கடைகளில் கிடைக்கிறது. விலையோ பல ஆயிரம் ரூபாய். நமக்கு அது வேண்டாம். செட்டிநாட்டு வீடு ஒன்றைச் சுற்றிப் பார்த்தாலே போதும், செலவில்லாத வழிகள் கிடைத்துவிடும்.

மீன் ஏன் திணறுகிறது?

மீன் தன் செவுள்களால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சுவாசிக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூட இருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் சூடானால் அதன் உடலும் சூடாகும். உடம்புக்குள் எல்லா வேலையும் வேகமாக நடக்கும். அதற்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படும். தேவை கூடும்போது இருப்பு குறைகிறது! மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது விளையாட்டு இல்லை. மூச்சுத் திணறல்.

எல்லா மீனும் ஒன்றல்ல. கோல்டு பிஷ்ஷுக்கு 18 முதல் 24 டிகிரி வரை பிடிக்கும். நம் ஊர்க் கோடை அதற்கு ரொம்பக் கஷ்டம். கப்பி 28 டிகிரி வரை சுகமாக இருக்கும். பைட்டர், கௌராமி மீன்களுக்கு, மேலே வந்து காற்றையே சுவாசிக்க ஒரு தனி உறுப்பு உண்டு. புதிதாக மீன் வாங்கப் போகிறீர்களா? காரைக்குடி வெயிலுக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

வீடு சொல்லும் நான்கு பாடம்

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவும் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கட்டப்பட்டவை. இந்த ஊர்களை 2014-ல் இந்தியா, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. ஏ.சி. இல்லாத காலத்தில் இந்த வீடுகள் எப்படிக் குளுகுளு என்று இருந்தன?

1. தடித்த சுவர்: சுவர் தடிமனாக இருந்தால் சூடேற நேரமாகும். தண்ணீரும் அப்படித்தான். 3 லிட்டர் பிடிக்கும் உருண்டை ஜாடி சீக்கிரம் சூடாகும். 20 லிட்டர் தொட்டி மெதுவாகத்தான் சூடாகும். உருண்டை ஜாடியே இருக்கிறதென்றால், கழுத்துவரை நிரப்பாதீர்கள். வயிறு அகலமாக இருக்கும் இடம்வரை ஊற்றினால், காற்றுபடும் பரப்பு அதிகம்.

2. நிழல்: முகப்பும் தாழ்வாரமும் வெயிலை உள்ளே விடுவதில்லை. உங்கள் தொட்டியையும் ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். பிரிட்ஜ் மேலே, டி.வி. பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அவையும் சூட்டை வெளிவிடும். பகலில் தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள்.

3. குளிர்ந்த தரை: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறும் காலோடு நடந்திருப்பீர்கள். ஜில்லென்று இருக்குமே! சூடான காற்று மேலே போகும்; தரைப்பக்கம் குளிர்ச்சி தங்கும். எனவே மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையைவிட, கீழ்த்தளத்தில் தாழ்வான பலகையே தொட்டிக்கு நல்ல இடம். தண்ணீர் நிரம்பிய தொட்டியைத் தூக்காதீர்கள், உடைந்துவிடும். தண்ணீரைக் குறைத்து, பெரியவர்கள் உதவியோடு மாற்றுங்கள்.

4. காற்றோட்டம்: முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி கதவுகள் நேர்கோட்டில் இருக்கும். நடுவில் திறந்த முற்றம். தொட்டிக்கும் ஒரு முற்றம் வேண்டும்! கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணி கட்டுங்கள். காற்றும் போகும், மீனும் வெளியே துள்ளாது.

மானாமதுரைப் பானை ரகசியம்

நம் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை, மண்பாண்டத்துக்குப் பெயர் பெற்றது. அந்தப் பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

எவ்வளவு சூட்டை? 1 மில்லி லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வேண்டும். 20 லிட்டர் தொட்டியில் அரை டம்ளர், அதாவது 100 மில்லி லிட்டர் ஆவியானால் 58,000 கலோரி. இதை 20,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2.9 டிகிரி! வெளிச்சூடு திரும்பவும் உள்ளே வருவதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் குளிரும். ஆனால் 2 டிகிரி குறைந்தாலும் மீனுக்கு உயிர் வரும்.

அதற்கு ஒரு சின்ன மேஜை விசிறி போதும். தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படட்டும். விசிறியைத் தொட்டிக்குள் விழ முடியாத இடத்தில் வைத்து, பிளக்கை அம்மா அல்லது அப்பாவைச் சொருகச் சொல்லுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடவே கூடாது! விசிறி இல்லையா? நனைத்த பருத்தித் துணியைத் தொட்டியின் வெளிப்பக்கம் சுற்றி, காயக் காய நனையுங்கள்.

குறைந்த தண்ணீரை மாலையில் ஈடு செய்யுங்கள். நிழலில் வாளியில் 24 மணி நேரம் வைத்திருந்த தண்ணீர்தான் சரி; குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதற்குள் பெரும்பாலும் போய்விடும். மதிய நேரத்தில் மாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள். அது கொதித்துக்கொண்டிருக்கும்!

ஐஸ் போடலாமா?

"பிரீசரில் ஐஸ் இருக்கிறதே, கொட்டிவிடலாமே!" என்று சிலர் நினைப்பீர்கள். வேண்டாம். திடீர்க் குளிர்ச்சி மீனுக்குச் சூட்டைவிட ஆபத்து. அரை லிட்டர் ஐஸ், 20 லிட்டர் தண்ணீரை இரண்டரை டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். அவசரம் என்றால், 200 மில்லி பாட்டிலில் தண்ணீர் உறைய வைத்து, மூடியோடு மிதக்க விடுங்கள். ஒரு டிகிரி அளவுக்கு மெதுவாகக் குறையும்.

கரன்ட் போய்விட்டதா? காற்று மோட்டார் நின்றுவிடும். ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இப்படிச் சில தடவை செய்தால் ஆக்சிஜன் கலக்கும். உணவையும் பாதியாகக் குறையுங்கள். மிஞ்சிய தீனி அழுகினால் இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

இன்றே ஒரு வேலை

மீன் கடையில் தொட்டிக்கான தெர்மாமீட்டர் மலிவாகவே கிடைக்கும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 35 டிகிரி பக்கத்தில்தான் தொடங்கும். காலை 7 மணி, மதியம் 3 மணி, இரவு 9 மணிக்கு அளந்து நோட்டில் எழுதுங்கள். முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல் அளவு மட்டும். அடுத்த மூன்று நாள் விசிறியோடு. 3 மணிக் கணக்கில் எத்தனை டிகிரி குறைந்தது? அந்த ஒரு எண் சொல்லிவிடும், உங்கள் மீனுக்கு விசிறி மட்டும் போதுமா, ஈரத்துணியும் வேண்டுமா என்று!