சூளும் வாளும்

விளையாட்டு என்றால் பந்தும் மட்டையும் மைதானமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் ஒரு மேசை, ஐந்தாறு நண்பர்கள், சில பகடைகள், ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில் ஆகியவற்றை மட்டுமே கொண்டு விடிய விடிய ஆடத்தக்க விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய இவ்விளையாட்டு 1974-இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் அக்கதையின் மாந்தர்களாக வாழ்வர். 'நான் கதவை உடைக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அது உடையுமா உடையாதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

நம் விடுதியிலும் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் இவ்வாட்டம் நடைபெறுகிறது. கதை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில் விழும். புதிதாக வந்து சேரும் தம்பி தங்கையர் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: 'அண்ணா, நான் பாலடின் எடுக்கிறேன். எந்த உட்பிரிவு நல்லது? எந்த ஆயுதம் எடுக்கட்டும்?' ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆயினும் ஒருமுறை எழுதிவைத்தால் பலருக்கும் பயன்படும் அன்றோ? நாங்கள் பின்பற்றுவது 2024-இல் வெளிவந்த விதிநூல். கீழே காணும் கணக்குகள் அதனையே தழுவியவை.

பாலடின் யார்?

உரோமாபுரியின் ஏழு குன்றுகளுள் ஒன்று பாலடைன். பேரரசர்களின் மாளிகைகள் அங்கே இருந்தமையால் அரண்மனையைச் சார்ந்தவர் என்னும் பொருளில் ஒரு சொல் பிறந்தது. பிற்கால ஐரோப்பியக் கதைகள் சார்லமேன் பேரரசரின் தலைசிறந்த வீரர்களை அச்சொல்லால் அழைத்தன. அவர்களுள் புகழ் மிக்கவன் 778-இல் பிரெனீசு மலைக் கணவாயில் மடிந்த ரோலண்டு.

இவ்விளையாட்டில் பாலடின் 1975-இல் வெளிவந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூலில் முதன்முதல் தோன்றினான். அன்று அவனாக ஆடுவது எளிதன்று. கரிஸ்மா எனப்படும் ஆளுமைப் பண்பு 17-க்குக் குறையலாகாது. ஒழுங்கு பிறழ்ந்த செயல் ஒன்றைச் செய்தாலும் அப்பதவி போய்விடும், மீண்டும் கிட்டாது. இன்று அத்தகைய கடுமை இல்லை. அதற்கு மாறாக, மூன்றாம் படியை எட்டும்போது பாலடின் ஒரு சூள் உரைக்கிறான். அச்சூளே அவன் உட்பிரிவு. மற்ற வீரர்களின் உட்பிரிவு பெரும்பாலும் அவர் கற்ற வித்தையைக் குறிக்கும். பாலடினின் உட்பிரிவோ அவன் கொடுத்த வாக்கைக் குறிக்கும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதே நாம் செய்யும் முதல் பிழை.

எல்லாருக்கும் பொதுவானவை

எந்தச் சூளை எடுத்தாலும் பாலடினுக்குச் சில ஆற்றல்கள் உறுதியாக உண்டு. தொட்டுக் குணப்படுத்தும் ஆற்றல் முதற்படியிலேயே வருகிறது. படி எண்ணைப் போல் ஐந்து மடங்கு உயிர்ப்புள்ளிகளை அவன் பிறருக்கு வழங்கலாம். இரண்டாம் படியில் 'ஸ்மைட்' வருகிறது. அடி பட்டவுடன் ஒரு மந்திர வாய்ப்பைச் செலவிட்டால் இரண்டு எண்முகப் பகடைகளின் ஒளிச்சேதம் கூடும். ஐந்தாம் படியில் ஒரு முறைக்கு இரண்டு அடிகள். ஆறாம் படியில், பத்தடித் தொலைவுக்குள் நிற்கும் நண்பர்கள் அனைவரும் தீங்கிலிருந்து தப்ப உருட்டும் எறிவுகளில் பாலடினின் கரிஸ்மாக் கூட்டெண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆறாம் படி ஆற்றலைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாலடின் தனியே ஓடிச் சென்று வெட்டுபவன் அல்லன். நண்பர்கள் அருகில் நிற்பதற்காகவே படைக்கப்பட்டவன். இதனை நினைவில் வைத்துக்கொண்டு சூள்களைக் காண்போம்.

நான்கு சூள்கள்

2024 நூலில் உள்ள சூள்கள் நான்கு: டெவோஷன், ஏன்ஷியன்ட்ஸ், வெஞ்சன்ஸ், குளோரி.

டெவோஷன் என்பது அறப்பற்று. பொய் சொல்லாமை, எளியோரைக் காத்தல், கடமை தவறாமை ஆகியவை இதன் நெறி. இச்சூள் எடுத்தவன் தன் ஆயுதத்திற்கு ஒளியூட்டலாம். பத்து நிமிட நேரம் தாக்கும் எறிவு ஒவ்வொன்றிலும் கரிஸ்மாக் கூட்டெண் சேரும். ஏழாம் படியில் அவனையும் அருகிலிருப்போரையும் எவரும் மயக்க முடியாது.

ஏன்ஷியன்ட்ஸ் என்பது தொன்மை. காடும் ஒளியும் மகிழ்ச்சியும் வாழவேண்டும் என்று சூளுரைத்தவன் இவன். பதினைந்தடிக்குள் நிற்கும் பகைவர்களைக் கொடிகளால் கட்டிப்போடும் ஆற்றல் இவனுக்கு உண்டு.

வெஞ்சன்ஸ் என்பது வஞ்சம் தீர்த்தல். தமிழில் 'வஞ்சினம்' என்னும் பழஞ்சொல் இதற்கு மிகப் பொருந்தும். முப்பதடிக்குள் உள்ள ஒரு பகைவனைக் குறித்துச் சூளுரைத்தால், ஒரு நிமிட நேரம் அவன்மேல் தாக்கும்போதெல்லாம் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்ளலாம். அவன் வீழ்ந்தால் சூளை மற்றொருவன்மேல் மாற்றலாம்.

குளோரி என்பது புகழ். வீரக்கதையின் தலைவனாக விளங்கவேண்டும் என்ற வேட்கையுடையவன் இவன். ஸ்மைட் அடித்தவுடன் நண்பர்களுக்குத் தற்காலிக உயிர்ப்புள்ளிகளைப் பகிர்ந்தளிப்பான். ஏழாம் படியில் அவனும் அவன் தோழர்களும் விரைந்து நடப்பர்.

கணக்கு என்ன சொல்கிறது?

டெவோஷனையும் வெஞ்சன்ஸையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும் எனக் கொள்வோம். அப்போது நூற்றுக்கு 50 அடிகள் படும். கரிஸ்மாக் கூட்டெண் 3 உள்ள டெவோஷன் வீரனுக்கு அது 65 ஆகும். இரண்டு பகடை உருட்டும் வெஞ்சன்ஸ் வீரனுக்கு 75 ஆகும். இருபது விழுந்து சேதப் பகடைகள் இரட்டிக்கும் பேறும் நூற்றுக்கு 5-இலிருந்து 9.75 ஆக உயர்கிறது. இதைக் கண்டவுடன் 'வெஞ்சன்ஸே சிறந்தது' என்று பலர் முடிவு கட்டிவிடுவர்.

ஆனால் இன்னும் சில செய்திகள் உள்ளன. முதலாவது, பகைவன் கடினமானவனாக இருந்து 16 விழுந்தால்தான் அடி படும் என்னும் நிலையில், 25 என்பது டெவோஷனுக்கு 40 ஆகவும் வெஞ்சன்ஸுக்கு 43.75 ஆகவும் ஆகிறது. இடைவெளி சுருங்கிவிட்டது. இரண்டாவது, டெவோஷனின் ஒளி பத்து நிமிடம் நிற்கும். எந்தப் பகைவனுக்கும் செல்லும். மூன்றாவது, இரண்டு பகடை உருட்டும் வாய்ப்பு ஒன்றன்மேல் ஒன்று சேராது. பகைவனைத் தோழர் ஒருவர் முன்னரே கீழே தள்ளிவிட்டால், அருகில் நிற்கும் அனைவருக்கும் அவ்வாய்ப்புக் கிடைத்துவிடும். அப்போது வெஞ்சன்ஸ் வீரனின் சூள் வீணாகிறது. டெவோஷன் வீரனுக்கோ இரண்டும் சேர்கின்றன. ஆகவே உங்கள் குழுவில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று அறியாமல் எது சிறந்தது என்று சொல்ல இயலாது.

வாளா, வாளும் கேடயமுமா?

இனி ஆயுதம். இரு கையால் பிடிக்கும் பெருவாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகள், சராசரி 7. வலிமைக் கூட்டெண் 3 எனின் மொத்தம் 10. பெரிய ஆயுதப் போர்முறையைக் கற்றால் 1, 2 விழுவன 3 எனக் கொள்ளப்படும். அப்போது மொத்தச் சராசரி 11. ஒரு கையில் நெடுவாளும் மறுகையில் கேடயமும் கொண்டால், எண்முகப் பகடையின் சராசரி 4.5. டூயலிங் போர்முறை 2 கூட்டும், வலிமை 3. மொத்தம் 9.5.

வேறுபாடு ஓர் அடிக்கு ஒன்றரைப் புள்ளிதான். அதற்கு ஈடாகக் கேடயம் காப்பெண்ணில் 2 கூட்டுகிறது. பொதுவாக, பகைவர் இருபது முறை தாக்கினால் இரண்டு அடிகள் குறையும். மேலும் ஸ்மைட்டின் சேதம் எந்த ஆயுதத்திற்கும் ஒன்றே. ஆதலால் முன்னணியில் நின்று அடி வாங்க வேறு எவரும் இல்லாத குழுவில் கேடயமே அறிவுடைமை. முன்னணியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால் பெருவாளை எடுப்பதில் தவறில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 விதிகளில் ஸ்மைட் அடிக்கவும், தொட்டுக் குணப்படுத்தவும் 'போனஸ்' செயல் வேண்டும். அஃது ஒரு முறைக்கு ஒன்றுதான். அதே செயலைக் கேட்கும் வேறு வித்தைகளை மேலும் மேலும் சேர்த்தால், கையில் பல சாவிகள் இருந்தும் பூட்டு ஒன்றே என்ற நிலை வரும்.

தேர்ச்சிகள்

பாலடின் முதற்படியிலேயே இரண்டு வகை ஆயுதங்களில் சிறப்புத் தேர்ச்சி பெறுகிறான். நீண்ட ஓய்வுக்குப்பின் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே இதில் அஞ்ச வேண்டுவதில்லை, சூளைப்போல் கட்டிப்போடுவதன்று.

பெருவாளின் தேர்ச்சி 'கிரேஸ்': அடி தவறினாலும் வலிமைக் கூட்டெண் அளவு சேதம் உண்டு. நெடுவாளுக்கு 'சாப்': அடிபட்டவன் அடுத்து தாக்கும்போது இரண்டு பகடை உருட்டிச் சிறியதைக் கொள்ளவேண்டும். போர்க்கோடரிக்கு 'டாப்பிள்': பகைவன் தப்பாவிட்டால் கீழே விழுவான். போர்ச் சம்மட்டிக்கு 'புஷ்': பத்தடி தள்ளிவிடலாம். பெருங்கோடரிக்கு 'கிளீவ்': பக்கத்தில் நிற்கும் மற்றொருவனையும் வெட்டலாம். எறியீட்டிக்கு 'ஸ்லோ': பகைவனின் நடை பத்தடி குறையும்.

சூளோடு இவற்றைப் பொருத்துவதே திறமை. டெவோஷன் வீரனுக்கு டாப்பிள் நல்ல துணை. விழுந்தவன்மேல் இரண்டு பகடையும் கரிஸ்மாவும் சேரும். வெஞ்சன்ஸ் வீரனுக்கு அதே டாப்பிள் தன்னளவில் பெரிதும் பயன்படாது; அவனுக்குக் கிளீவோ சாப்போ ஏற்றது. ஏன்ஷியன்ட்ஸ் வீரன் கொடியால் கட்டியவன் ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் தாக்குவான்; அவன்மேல் சாப் வேண்டா. கட்டுண்டவர் பலர் நெருங்கி நின்றால் கிளீவ் கைகொடுக்கும். தோழர் நடுவே நின்று ஊக்கமூட்டும் குளோரி வீரனுக்கு நெடுவாளும் கேடயமும் சாப்பும் பொருந்தும். எவராயினும் இரண்டாவது தேர்ச்சியை எறியீட்டிக்கு ஒதுக்குதல் நன்று. பறந்து செல்லும் பகைவனை வாளால் எட்ட முடியாதன்றோ?

ஒரு நண்பரின் கதை

சென்ற ஆண்டு எங்கள் மேசைக்கு ஒரு தம்பி வந்தார். ஊரை விட்டு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இந்தி தெரியாது, வகுப்பில் அதிகம் பேசமாட்டார். கணக்கில் வல்லவர். மேலே சொன்ன 75-ஐயும் 65-ஐயும் தாமே போட்டுப் பார்த்து, வெஞ்சன்ஸைத் தேர்ந்தெடுத்தார். முதலிரண்டு ஞாயிறுகள் அவர் வாள் வீச்சில் மேசை அதிர்ந்தது.

மூன்றாம் ஞாயிறு, கதையில் ஒரு கொள்ளைக்காரன் பிடிபட்டான். அவன் பசியால் திருடியவன் என்று தெரிந்தது. தோழர்கள் அவனை விடுவிக்க எண்ணினர். கொடியவர்க்கு இரக்கம் காட்டேன் என்பது தம்பி எடுத்த சூள். 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டேன். வெகுநேரம் பேசாதிருந்தார். பின், 'சூள்படி வெட்டவேண்டும்' என்று மெல்லச் சொல்லி, பகடையை உருட்டினார். மேசையில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறுகள் அவர் வரவில்லை.

பிழை அவருடையதன்று, என்னுடையது. அவர் கணக்கைப் பார்த்து மகிழ்ந்த நான், 'இந்த வாக்கை உன்னால் காக்க முடியுமா?' என்று கேட்கவே இல்லை. பசித்தவனைக் கொடியவனாகக் கொள்ளவேண்டுமா என்ற கேள்வியையும் அவர் முன் வைக்கவில்லை. அறைக்குச் சென்று அதனைச் சொன்னேன். 'எனக்கு அந்த ஆளை வெட்ட மனமில்லை அண்ணா. ஆனால் சொன்ன வாக்கை மீறுவதும் சரியில்லை என்று பட்டது' என்றார். அந்த விடையிலேயே அவருக்குரிய சூள் எது என்பது தெரிந்துவிட்டது. பின்னர் அவர் மாந்தன் வாளைப் புதைத்து, இறந்தவன் குடும்பத்துக்கு உழைத்து, டெவோஷன் சூள் உரைத்தான். கேடயம் ஏந்தினான். இன்று எங்கள் மேசையில் அதிகம் பேசுபவர் அவர்தாம்.

முடிவாக

ஆகவே தம்பி தங்கையரே, வரிசை இதுதான். முதலில் எந்த வாக்கைக் காக்க உங்களுக்கு மனம் வரும் என்று பாருங்கள். அடுத்து, குழுவில் எந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது என்று கேளுங்கள். அதன்பின் கேடயமா பெருவாளா என்று முடிவு செய்யுங்கள். தேர்ச்சிகள் கடைசி, அவற்றை ஓர் இரவு உறங்கி எழுந்து மாற்றலாம்.

நூல் வாங்கப் பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டா. 2025-இல் இலவசமாக வெளியிடப்பட்ட அடிப்படை விதித்தொகுப்பில் பாலடினும் அவனுக்குரிய டெவோஷன் சூளும் உள்ளன. பகடை நம் அறையில் இருக்கிறது. நாற்காலி ஒன்று கூடுதலாகப் போடலாம். ஞாயிறு இரவு, உணவு முடிந்தபின் வாருங்கள்.