கேப்டன் நீமோ ஒரு இந்தியர்: கடலின் எதிர்காலத்தைப் பழைய அறிவியல் கதைகள் எவ்வளவு சரியாகக் கணித்தன?

நாட்டிலஸ் நீர்மூழ்கியின் கேப்டன் நீமோவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் இந்தியர் என்பது தெரியுமா?

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1869-70-ல் எழுதிய 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலில் நீமோ எந்த ஊர்க்காரர் என்று சொல்லவே இல்லை. 1875-ல் முடிந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் விஷயத்தை உடைத்தார். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசர் டக்கார். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்றவர். (போகிற போக்கில் ஒன்று: 20,000 லீக் என்பது ஆழம் இல்லை, பயணம் செய்த தூரம். சுமார் 80,000 கி.மீ., அதாவது பூமியை இரண்டு முறை சுற்றும் தூரம்.)

முதல் நாவலிலேயே ஒரு குறிப்பு இருக்கு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் ஒருவரைச் சுறா தாக்குகிறது. நீமோ அவரைக் காப்பாற்றி, ஒரு பை முத்துகளைக் கொடுத்து அனுப்புகிறார். அந்த ஆள் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவர், நானும் அந்தப் பக்கம்தான் என்று பிறகு சொல்கிறார்.

இந்தக் கதை இப்போ எதுக்கு?

கடலடியில் துத்தநாகம், இரும்பு, வெள்ளி, தங்கச் சுரங்கங்கள் இருக்கின்றன, அவற்றைத் தோண்டவும் முடியும் என்று நாவலில் நீமோ சொல்கிறார். சில ஆண்டுகளிலேயே பிரிட்டனின் 'சேலஞ்சர்' கப்பல் (1872-76) ஆழ்கடலிலிருந்து உலோகக் கட்டிகளை உண்மையிலேயே அள்ளி வந்தது.

இன்று மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் அதே வகைக் கட்டிகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கு. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் எல்லாம் அதில் கலந்திருக்கும்; இவை பேட்டரிக்குத் தேவையானவை. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் 'மத்ஸ்யா 6000' வாகனத்தைச் சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவருகிறது.

ஆனால் ஆராய்வதற்குத்தான் அனுமதி, எடுத்து விற்பதற்கு இல்லை. சர்வதேசக் கடற்பரப்பில் வணிகச் சுரங்கத்துக்கான விதிகள் இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று 30-க்கும் மேற்பட்ட நாடுகள் சொல்கின்றன. ஒரு கட்டி சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். எடுத்தால் எடுத்ததுதான்.

முடியுமா என்பதைத் தாண்டிக் கேட்டவர்

வெர்னின் கேள்வி "முடியுமா?" என்பதுதான். "செய்யலாமா?" என்று கேட்டவர் ஆர்தர் சி. கிளார்க். 1956-ல் இலங்கையில் குடியேறினார். 1957-ல் 'தி டீப் ரேஞ்ச்' நாவல் வந்தது. அதில் 21-ம் நூற்றாண்டு மனிதர்கள் திமிங்கிலங்களை மாடு மேய்ப்பது போல மேய்க்கிறார்கள். இறைச்சிக்காகத்தான். இலங்கையைச் சேர்ந்த பௌத்தத் தலைமைத் துறவி ஒருவர் கொல்வதை நிறுத்தச் சொல்கிறார். அவர் வாதம் சுவாரசியமானது: நம்மைவிட அறிவுள்ள உயிர்களை ஒருநாள் சந்திக்க நேரிடும், மற்ற உயிர்களை நாம் நடத்திய விதத்தை வைத்தே அவர்கள் நம்மை நடத்தலாம்.

20-ம் நூற்றாண்டில் வணிக வேட்டையில் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் சுமார் 29 லட்சம் என்பது 2014-ல் வெளியான மதிப்பீடு. வணிக வேட்டைக்கான சர்வதேசத் தடை 1982-ல் முடிவாகி 1986-ல் அமலுக்கு வந்தது. சில நாடுகள் இன்னும் வேட்டையாடினாலும், துறவி கேட்டது பெருமளவு நடந்துவிட்டது.

கிளார்க்கின் கடல் பண்ணை? பாதிதான் பலித்தது. 2022-ல் முதல்முறையாக, பிடித்த மீன் வகைகளைவிட வளர்த்தவை அதிகம் என்கிறது ஐ.நா.வின் உணவு அமைப்பு. ஆனால் அதில் பெரும்பகுதி வளர்ந்தது கடலில் இல்லை, குளம் குட்டைகளில்.

கோட்டை விட்டது எங்கே?

வில்லன் விஷயத்தில். கடல் நிலத்தை விழுங்கும் என்று பலர் எழுதினார்கள். ஜான் விண்டமின் 'தி கிராக்கன் வேக்ஸ்' (1953) நாவலில் வேற்றுக்கிரகவாசிகள் பனியை உருக்குகிறார்கள். ஜே.ஜி. பாலார்டின் 'தி டிரவுன்ட் வேர்ல்ட்' (1962) நாவலில் சூரியன்தான் காரணம். மனிதன் பாவம், ஒன்றும் செய்யவில்லை!

நிஜத்தில் 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கு. நாம் சேர்த்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கு. நூறு ஆண்டுகளில் 20 செ.மீ. என்பதை வைத்து எந்த நாவலாசிரியரும் கிளைமாக்ஸ் எழுத மாட்டார்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1936-ல் எழுதிய 'நியூட்களுடன் போர்'. நியூட் என்பது பல்லி போன்ற ஒரு நீர்வாழ் உயிர். அவற்றை முதலில் முத்தெடுக்கப் பழக்குகிறார்கள், பிறகு கடலடிக் கட்டுமான வேலைகளுக்கு விற்கிறார்கள். பெருகிப்போன நியூட்களுக்கு ஆழமில்லாத கரையோரம் போதவில்லை. நிலத்தை வெடிவைத்துத் தகர்க்கின்றன. அந்த வெடிமருந்தை விற்றதே மனிதர்கள்தான். கரை இடிய ஆரம்பித்த பிறகும் வியாபாரம் நிற்கவில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கடைசி அத்தியாயத்தில் மனிதர்களைக் காப்பாற்ற வழி இருக்கா என்று எழுத்தாளர் தன்னோடு தானே வாதாடுகிறார். பதில் கிடைக்காமலே புத்தகம் முடிகிறது.