விறைக்கும் விரல்களும் பச்சை வானமும்

வட துருவத்தை அண்டிய நாடுகளில் குளிர்காலம் வந்துவிட்டால் பகல் என்பது பெயருக்குத்தான். நோர்வேயின் வடக்கு எல்லையில் உள்ள ஊர்களில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. அந்த நீண்ட இருட்டுக்கு ஈடு செய்வது போல, முகில் இல்லாத இரவுகளில் வானத்தில் ஒரு காட்சி தோன்றுகிறது. பச்சை நிறத் திரைச்சீலை ஒன்றை யாரோ உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, காற்றில் ஆட விட்டது போல ஒளி அசைகிறது. கீழ் ஓரத்தில் சில வேளை ஊதா, உச்சியில் சில வேளை சிவப்பு. இதுவே வடதுருவ ஒளி.

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றம் கொண்ட துணிக்கைகளால் பூமியின் காந்தப்புலம் கிளர்ச்சியடைகிறது. அதனால் வேகம் பெற்ற இலத்திரன்கள் துருவப் பகுதிகளை நோக்கி இறங்கி, மேல் வளிமண்டலத்தில் மோதுகின்றன. மோதப்பட்ட ஒட்சிசன் பச்சையாகவும் சிவப்பாகவும், நைதரசன் நீலமாகவும் ஊதாவாகவும் ஒளிர்கின்றன.

நாட்காட்டிகளில் இந்தப் படங்களைக் கண்டு வியந்திருப்பீர்கள். அப்படி ஒரு படத்தை எடுக்க ஒருவர் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது? எடுத்த படத்தால் அழகைத் தவிர வேறு பயன் உண்டா? இரண்டாவது கேள்விக்குப் பின்லாந்தின் பெண் விஞ்ஞானி ஒருவர் தந்த விடை சுவையானது. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

தோற்றுப்போன ஆசிரியர்

சோபஸ் ட்ரோம்ஹோல்ட் டென்மார்க்கைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். துருவ ஒளி மீது தீராத மோகம் கொண்டவர். 1882 - 83 குளிர்காலத்தை நோர்வேயின் கௌட்டோகெய்னோ என்ற உள்நாட்டுக் கிராமத்தில் கழித்தார். இரவு இரவாக வானத்துக்கு நேரே கமெராவை வைத்துப் பார்த்தார். அந்நாளைய கண்ணாடித் தகடுகளுக்கு அவ்வளவு மங்கிய ஒளியைப் பிடிக்கும் சக்தி இல்லை. தகடுகள் வெறுமையாகவே இருந்தன.

ஆனால் கொண்டுபோன கமெராவை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் அவ்வூர்ச் சாமி இன மக்களைப் படம் எடுத்தார். பெண்களும் ஆண்களும் சிறுவர்களும் நேராக நம்மைப் பார்க்கும் முகங்கள் அவை. பெயர்களையும் குறித்து வைத்தார். பழங்குடியினரைப் பெயரில்லாத மாதிரிப் பொருட்களாக மற்றவர்கள் படம் பிடித்த காலம் அது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2013 இல் யுனெஸ்கோ அவருடைய படத் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வானம் கிடைக்காமல் போனதும் ஒரு விதத்தில் நல்லதுதான்!

துருவ ஒளியின் தெளிவான முதல் படங்களை ஜேர்மனியரான மார்ட்டின் பிரெண்டல் 1892 ஜனவரியில் நோர்வேயின் போசெகொப் என்ற இடத்தில் எடுத்தார். அதே போசெகொப்புக்கு 1910 இல் நோர்வேயின் கணிதப் பேராசிரியர் கார்ல் ஸ்டோர்மர் வந்து சேர்ந்தார். (மாணவப் பருவத்தில் சட்டைக்குள் சிறு கமெராவை ஒளித்துவைத்து, தெருவில் போவோர் வருவோரை அவர்களுக்குத் தெரியாமலே படம் எடுத்தவர் இவர். இன்றென்றால் பொலிஸில் மாட்டியிருப்பார்.) சினிமாக் கமெராவுக்குரிய வேகமான வில்லையைப் பொருத்தி, சில கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு கமெராக்களை நிறுத்தினார். இரு இடங்களையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்து, ஒரே கணத்தில் இரண்டிலும் படம் எடுக்கச் செய்தார்.

எதற்காக இரண்டு? கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவருக்கு எதிரே விரல் இடம் மாறித் தோன்றும். அதுபோல, பின்னணி நட்சத்திரங்களுக்கு எதிரே ஒளித்திரை எவ்வளவு இடம் மாறியிருக்கிறது என்று இரு படங்களையும் ஒப்பிட்டால், அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். திரையின் கீழ் விளிம்பு பெரும்பாலும் 100 கிலோமீற்றர் உயரத்தை ஒட்டி இருப்பது இப்படித்தான் உறுதியானது. இந்த இரு கமெரா முறையை மறந்துவிடாதீர்கள்.

குளிர் செய்யும் வேலை

இன்று கமெராக்கள் எவ்வளவோ மாறிவிட்டன. குளிர் மாறவில்லை. பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகை செல்சியஸ் அங்கே அபூர்வமல்ல. வானம் தெளிவாக இருக்கும் இரவே கூடக் குளிரும் இரவு என்பது இதில் உள்ள வில்லங்கம். முகில் என்ற போர்வை விலகினால் நிலத்தின் வெப்பம் வெளியேறிவிடுகிறது. படம் எடுக்க ஏற்ற இரவு, உடம்புக்கு ஏற்காத இரவு.

முதலில் கைவிடுவது பற்றரி. குளிரில் அதனுள்ளே நடக்கும் இரசாயன மாற்றம் மந்தமாகிவிடும். வீட்டில் முழுதாக மின்னேற்றிய பற்றரி வெளியே சிறிது நேரத்திலேயே தீர்ந்தது போலக் காட்டும். உண்மையில் அது தீர்ந்துவிடுவதில்லை. உடம்போடு ஒட்டிய உட்பையில் வைத்துச் சூடேற்றினால் மீண்டும் வேலை செய்யும். ஆகவே இரண்டு மூன்று பற்றரிகளை மாறி மாறி, குஞ்சை அடைகாக்கும் கோழி போல நெஞ்சோடு வைத்திருப்பார்கள். படச்சுருள் இருந்த காலத்தில் இன்னொரு தொல்லை. குளிரில் சுருள் மொறுமொறுப்பாகி உடையும். வேகமாகச் சுற்றினால் நிலைமின் பொறி பறந்து, படத்தில் மின்னல் கீற்றுப் போல விழும்.

மூச்சும் எதிரிதான். கமெராவுக்கு அருகே மூச்சு விட்டால் அந்த ஈரம் வில்லையில் உடனே பனியாகப் படியும். துடைத்தால் இன்னும் பரவும். அதனால் சூடு தரும் சிறு பொதியொன்றை வில்லையைச் சுற்றி இறப்பர் பட்டியால் கட்டிவிடுகிறார்கள். உலோக முக்காலியை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கால்களைப் பஞ்சுறையால் சுற்றி வைப்பார்கள்.

கைதான் பெரும் பாடு. தடித்த கையுறையோடு சிறு பொத்தான்களை அழுத்த முடியாது. கழற்றினால் சில நிமிடத்தில் விரல் விறைக்கும். மெல்லிய கையுறை ஒன்றின் மேல், விரல் பிரிவில்லாத தடித்த உறை ஒன்றை அணிந்து, தேவைக்கு மட்டும் மேலுறையைக் கழற்றுவதே வழக்கம். உடலை ஒட்டிப் பருத்தி ஆடை கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று குளிரூட்டிவிடும். கம்பளிதான் நல்லது. விரல் நுனி வெளுத்து உணர்ச்சி அற்றுப்போனால் உறைபுண்ணின் தொடக்கம். தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. வீட்டுக்குள் சென்று வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவரை நாட வேண்டும். எந்தப் படமும் ஒரு விரலுக்கு ஈடாகாது.

எல்லாம் முடிந்து உள்ளே வரும்போதும் ஆபத்து உண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் எப்படி வியர்க்கும்? கமெராவும் அப்படியே வியர்க்கும், வெளியிலும் உள்ளேயும். அதனால் வெளியில் நிற்கும்போதே கமெராவைப் பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டிவிடுகிறார்கள். ஈரம் பையின் மேல் படியும், கமெரா தப்பும். படத்தைப் பார்க்கும் ஆவலில் பையைப் பிரிப்பவர்களுக்குத்தான் நட்டம். விவரம் தெரிந்தவர்கள் நினைவக அட்டையை முன்னதாகவே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள்.

கண் காணாததைக் கமெரா காணும்

மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. மெல்லிய துருவ ஒளியை நேரில் பார்ப்பவருக்கு அது சாம்பல் நிற முகில் போலவே படலாம். கமெராவோ சில செக்கன்கள் கண்ணைத் திறந்து வைத்து ஒளியைச் சேமித்துப் பச்சையாகக் காட்டுகிறது. படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சிலர் ஏமாந்து திரும்புவது இதனாலேதான். பலமான ஒளி வரும் இரவில் கண்ணுக்கும் நிறம் நன்றாகவே தெரியும். அப்போது கமெராவை நெடுநேரம் திறந்து வைத்தால் திரையின் மடிப்புகள் கலைந்து வெறும் பச்சைப் பூச்சாகிவிடும்.

அசையும் படம் இன்னும் கடினம். ஒரு செக்கனுக்கு 25 படங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பம். அதனால் தனித்தனிப் படங்களைக் கோத்து ஓட்டுவார்கள். ஒளி தலைதெறிக்க ஓடுவது போலத் தெரியும் காட்சிகள் பெரும்பாலும் இந்த வகை. இருளில் நன்கு வேலை செய்யும் கமெராக்கள் வந்த பிறகுதான் உண்மை வேகத்தைப் படமாக்குவது பலருக்கும் இயலுமாயிற்று.

இனி அந்த விஞ்ஞானியின் கதை. ஹெல்சிங்கி பல்கலைக்கழகப் பேராசிரியை மின்னா பால்ம்ரொத், துருவ ஒளியைப் படம் எடுக்கும் சாதாரண மக்களின் பேஸ்புக் குழுவொன்றில் சேர்ந்து, அவர்களின் ஐயங்களைத் தீர்த்து வந்தார். அவர்கள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை வகைப்படுத்தி, 2018 இல் கையேடு ஒன்றையும் வெளியிட்டார். சில படங்கள் மட்டும் எந்த வகையிலும் அடங்கவில்லை. அவை ஒரு புறம் வைக்கப்பட்டன. கையேடு வந்த சில நாட்களிலேயே, 2018 ஒக்டோபர் 7 இரவு, அந்தப் புரியாத வடிவம் மீண்டும் தோன்றியது. மணல்மேடுகளை வரிசையாக அடுக்கியது போன்ற பச்சைக் கோடுகள். வெளியே நின்றவர்கள் உடனே பேராசிரியைக்குத் தகவல் அனுப்பினார்கள்.

அன்று லைத்திலா, ரூவெசி என்ற இரு ஊர்களில் ஒரே நேரத்தில் எடுத்த படங்கள் கைக்கு வந்தன. பின்னணி நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆம், ஸ்டோர்மர் 1910 இல் செய்த அதே வேலைதான். கோடுகள் சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில், ஒன்றுக்கொன்று 45 கிலோமீற்றர் இடைவெளியில் இருந்தன. விமானமோ பலூனோ எட்ட முடியாத, செய்மதி சுற்றி வரவும் முடியாத தாழ்ந்த உயரம் அது. அங்கே வளிமண்டலத்தில் எழுந்த அலைகளையே அந்தக் கோடுகள் காட்டின என்ற விளக்கத்தோடு ஆய்வு 2020 ஜனவரியில் வெளியானது. படம் எடுத்தவர்களும் ஆய்வில் பங்காளிகள். கனடாவிலும் இதுபோல, ஆர்வலர்கள் படம் பிடித்த ஊதா நிற ஒளிப்பட்டி ஒன்றை நாசாவின் எலிசபெத் மக்டொனால்ட் தலைமையில் ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டார்கள். கார்ட்டூன் படமொன்றைப் பார்த்து அந்த ஆர்வலர்கள் விளையாட்டாக வைத்த ‘ஸ்டீவ்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

இந்த வேலைக்கு விலையுயர்ந்த கமெரா கட்டாயமில்லை. 2024 மே 10 இரவு சூரியப் புயல் பூமியைத் தாக்கியபோது, வழக்கமாக ஒளி எட்டாத நாடுகளில்கூடப் பலர் கைத்தொலைபேசியால் அதைப் பிடித்தார்கள். இந்தியாவின் லடாக்கில் ஹன்லே வானாய்வகத்துக் கமெராக்களிலும் சிவப்பு ஒளி பதிந்தது. ஆய்வாளர்களுக்குத் தேவையானவை படமும், அதில் சில நட்சத்திரங்களும், எடுத்த இடமும், சரியான நேரமும்தான். அதனால் பின்லாந்து ஆர்வலர்கள் குளிரில் இறங்குமுன் வில்லையைத் துடைப்பதோடு கமெராவின் கடிகாரத்தையும் செக்கன் பிசகாமல் சரிசெய்துகொள்வது நல்லது. ஒளித்திரை நொடிக்கு நொடி நகர்வதால், இரண்டு ஊர்களின் கடிகாரங்கள் ஒரு நிமிடம் முன்பின்னாக இருந்தாலே உயரக் கணக்கு பிழைத்துவிடும்.